கண்மாய்க்கு மேல ஆலாப் பறக்குற வெள்ளைப் பறவை, மார்கழியில இதுக்கு இங்க என்ன சாப்பாடு?

ஒத்தக்கடைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பறவை விஷயத்துல நான் புதுசு. ஒரு கேள்வி பத்து நாளா மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு, இங்க விவரமானவங்க இருப்பீங்கன்னு கேக்குறேன்.

அரைப்பரீட்சை லீவுக்கு பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ராமேஸ்வரம் போயிட்டு அப்படியே தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் போனோம். அங்க கரையில ஒரு கூட்டம், வெள்ளையா, முதுகு மட்டும் சாம்பலா, புறாவ விடப் பெருசு, கண்ணுக்குப் பின்னாடி மை வச்ச மாதிரி ஒரு கருப்புப் பொட்டு, அலகும் காலும் சிவப்பு. எம்மக கையில இருந்த முறுக்க ஒடிச்சு மேல எறிஞ்சா, அது கீழ விழுகுறதுக்குள்ள ஒண்ணு வந்து கவ்விட்டுப் போயிருச்சு, அடுத்த நிமிஷம் முப்பது நாப்பது எங்க தலைக்கு மேல. பிள்ளைக்கு சந்தோஷம் தாங்கல. பக்கத்துல சங்கு, பாசி வித்துக்கிட்டு இருந்த அம்மா ஒருத்தவங்கதான் "அது மீனு திங்கிற சாதி தம்பி, மாவுப் பண்டத்தப் போட்டுப் பழக்காதீக"ன்னாங்க. எனக்கு அது சுருக்குன்னு ஆயிருச்சு, முறுக்க வாங்கி பைக்குள்ள வச்சுட்டேன்.

ஊருக்கு வந்து மூணாவது நாள் வெள்ளன நடக்கப் போறேன், எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்குற கண்மாய்ல அதே மாதிரி வெள்ளைப் பறவைங்க. கொஞ்சம் சிறுசு. தண்ணிக்கு மேல இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமா பறந்துக்கிட்டே இருக்கு, அப்பப்ப கீழ இறங்கி தண்ணிய ஒரு தொடு தொட்டுட்டு மேல போயிருது. கடல் நமக்குக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். அங்க பாத்ததும் இதுவும் ஒண்ணுதானா? கடல் பறவைன்னா கடல்லதான இருக்கணும், இந்தக் குளிர்ல இங்க வந்து என்னத்தத் திங்குது? அப்புறம் அந்த முறுக்கு விஷயம், அதால அதுகளுக்கு ஏதும் கெடுதலான்னும் சொல்லுங்க, பிள்ளை தினமும் கேக்குறா.

கண்மாய்க்கரை:

அண்ணே, நீங்க பாத்தது ரெண்டும் வேற வேற. ஆனா சொந்தக்காரங்கதான், ஒரே குடும்பத்துல சித்தப்பா பிள்ளை பெரியப்பா பிள்ளை மாதிரி வச்சுக்கங்க.

தனுஷ்கோடியில பாத்தது பழுப்புத்தலைக் கடற்காகம். நம்ம பக்கம் வர்றப்ப அதுக்குப் பழுப்புத்தலை இருக்காது, அந்தக் கண்ணுக்குப் பின்னாடி பொட்டு மட்டும்தான் மிச்சம் இருக்கும். தலை முழுக்கக் காப்பிக்கொட்டை நிறமா மாறுறது ஊருக்குத் திரும்புற நேரத்துல. அதோட சொந்த ஊர் லடாக், திபெத் அந்தப் பக்கம். லடாக்ல த்ஸோ மோரிரி ஏரியில குஞ்சு பொரிக்கும், அந்த ஏரி 4500 மீட்டர் உயரம், அதாவது நம்ம கொடைக்கானலப் போல ரெண்டு மடங்கு. கடலே இல்லாத ஊர்ல பிறக்குற பறவையத்தான் நாம கடல் காக்கான்னு கூப்புடுறோம். குளிர் தாங்காம ஓடி வருதுன்னு நெனைப்போம், குளிர விட சாப்பாடுதான் பெரிய காரணம். ஏரி உறைஞ்சு போனா தண்ணிக்கு மேல ஐஸ் மூடிக்கிடும், மீனும் புழுவும் அதுக்கடியில மாட்டிக்கிரும், எட்டாது.

உங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்குறது நீங்க சொல்ற மாதிரி பறந்தா அது மீசை ஆலா. உடம்பு மைனா அளவுதான், நூறு கிராம் தேறுறதே அபூர்வம், இறக்கை நீளமா இருக்குறதால பெருசாத் தெரியும். இப்ப அதுக்கு மீசையும் இருக்காது. மாசி பங்குனியில பாத்தீங்கன்னா உச்சந்தலை கருப்பா, வயிறு கரும்சாம்பலா மாறி, கன்னத்துல மட்டும் ஒரு வெள்ளைக்கோடு நிக்கும், அதுதான் மீசை.

ரெண்டையும் பிரிச்சுப் பாக்க ஒரு சுலபமான வழி சொல்றேன். கடற்காகம் தண்ணியில வாத்து மாதிரி உக்காந்து மிதக்கும். ஆலா தண்ணியில உக்காருறது ரொம்ப அபூர்வம், களைச்சா ஏதாவது கம்பு, கல்லு, மிதக்குற செடி மேல போய் உக்காரும்.

இப்ப சாப்பாட்டுக்கு வருவோம், எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச விஷயம், பன்னெண்டு வருஷமா சாமநத்தம் கண்மாய்க்குப் போய்க்கிட்டு இருக்கேன், இன்னும் சலிக்கல. மீசை ஆலா மீன்கொத்தி மாதிரி தொபுக்கடீர்னு தண்ணிக்குள்ள பாயாது. காத்துக்கு எதிரா மூஞ்சிய வச்சு மெதுவாப் போகும், தலை கீழ பாத்தபடியே இருக்கும், தண்ணி மேல ஏதாவது அசைஞ்சா சட்டுன்னு இறங்கி அலகு நுனியால மட்டும் கிள்ளி எடுத்துக்கும், உடம்பு நனையாது. கரை முடிஞ்சதும் திரும்பி வந்து மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும், வயல்ல ஏர் ஓட்டுற மாதிரி கோடு கோடா. கிள்ளி எடுக்குறது என்னன்னு பாத்தா பாதிக்கு மேல பூச்சிதான், தட்டான், தண்ணி வண்டு, தண்ணிப் பூச்சி, அப்புறம் விரல் நகம் சைஸ் மீன்குஞ்சு, தலைப்பிரட்டை, சின்னத் தவளை. பறக்குற பூச்சிய அந்தரத்துலயே பிடிச்சும் திங்கும்.

வேற ஆலாக்களும் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தினுசு. காஸ்பியன் ஆலான்னு ஒண்ணு, காக்காவ விடப் பெருசு, கேரட்ட மூஞ்சியில செருகின மாதிரி சிவப்பு அலகு, அது மீன் தவிர வேற எதையும் பெருசா சீண்டாது, உசரத்துல இருந்து நேரா தண்ணிக்குள்ள பாயும். பருத்த அலகு ஆலா பாய்றதே கிடையாதுன்னு சொல்லலாம், கடலோரச் சேத்துல ஓடுற நண்டப் பறந்தபடியே பொறுக்கும், காஞ்ச கரம்பைக்காடா இருந்தா வெட்டுக்கிளி, ஓணான் குட்டி. பேரு ஒண்ணுதான், ஒவ்வொருத்தர் வீட்டுச் சமையலும் வேற.

பாம்பன் பொண்ணு:

நான் பாம்பன்ல பிறந்து வளந்தவ, கல்யாணம் ஆகி எட்டு வருஷமா மதுரையில இருக்கேன். இந்தக் கேள்வியப் பாத்ததும் எங்க அப்பா ஞாபகம் வந்துருச்சு.

எங்க ஊர்ல கடல் காக்கா எப்ப எங்க நிக்கும்னு சின்னப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு வாரத்துல மூணு நாள்தான் தொழிலுக்குப் போகும், திங்க, புதன், சனி. மத்த நாள் நாட்டுப்படகுக்கு. அந்தப் படகுக மறுநாள் விடியக்காலையில கரைக்கு வர்றப்ப பின்னாடியே பொதி மாதிரி கூட்டமா வரும் இதுக. வலையில வந்ததப் பிரிச்சு எடுக்குறப்ப, இறால், நண்டு, கணவாய் எல்லாம் தனித்தனியா ஒதுக்கிட்டா மிச்சம் கிடக்குறது சங்காயம், அதாவது ஒண்ணுக்கும் ஆகாத பொடி மீனு, பொடிக் காரல், நசுங்குன நண்டு, இறால் தலை எல்லாம் கலந்து கிடக்கும். அத கோழித் தீவனத்துக்கு எடுத்துருவாங்க, ஆனா பிரிக்கிறப்ப சிதறுறது, கடல்ல தள்ளுறது இருக்கு பாருங்க, அதுதான் இதுகளுக்கு விருந்து. படகு போகாத நாள்ல பாத்தா அதே கூட்டம் கரைவலை இழுக்குற இடத்துல நிக்கும். கயித்த இழுத்து இழுத்து வலையோட மடி கரைக்கு வர்ற நேரம் எப்படித்தான் தெரியுமோ, சரியா அப்ப வந்து தண்ணிக்கு மேல சுத்தும், வலைக்கண்ணுல இருந்து நழுவுற சூடை மீனக் கொத்திக்கிட்டுப் போகும்.

அதோட திருட்டும் உண்டு. ஆலா கஷ்டப்பட்டு ஒரு மீனப் பிடிச்சுக்கிட்டுப் போகும், இது விடாம வெரட்டும், ஆலா பயந்து போய் மீன விட்டுரும், விழுகுறதுக்குள்ள இது எடுத்துக்கும்.

எங்க அப்பா நடுக்கடல்ல ஆலாவத்தான் பாப்பாரு. ஆலா ஒரு இடத்துல கூட்டமா இறங்கி ஏறி இறங்கி ஏறிக்கிட்டு இருந்தா அதுக்குக் கீழ நெத்திலியோ சூடையோ திரண்டு நிக்குதுன்னு அர்த்தம். அடியில சூரை, சீலா மாதிரி பெரிய மீனு வந்து வெரட்டும், பொடி மீனு தப்பிக்க மேல வரும், மேல வந்தா ஆலா வாய்ல. பாவம் அந்த மீனுக்கு எந்தப் பக்கமும் போக்கு இல்ல.

இன்னொண்ணு, வத்தம் ஆகுறப்ப, அதாவது தண்ணி உள்வாங்குனதும், கடல் காக்கா சேத்துல நின்னு ரெண்டு காலையும் மாத்தி மாத்தி தட தடன்னு மிதிக்கும், ஆடுற மாதிரி இருக்கும். நாங்க சின்ன வயசுல அதுக்குக் காலு சுடுதுன்னு நெனைச்சுக்குவோம். புழு வெளிய வர்றதுக்காக மிதிக்குதுன்னு ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். உக்காருற இடத்துல சின்னச் சின்ன உருண்டையாக் கக்கிப் போட்டிருக்கும், ஒடைச்சுப் பாத்தா முள்ளு, செதிலு, நண்டு ஓடு.

கண்மாய்க்கரை அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம், அலகு நுனியில எப்பவும் ஒரு சொட்டுத் தண்ணி தொங்கிக்கிட்டே இருக்கும், தலைய ஒதறிக்கிட்டே இருக்கும். சளியா அது?

கண்மாய்க்கரை:

சளி இல்லம்மா, அது உப்பு. கண்ணுக்கு மேல ரெண்டு சுரப்பி இருக்கு, ரத்தத்துல சேந்த உப்ப எடுத்து மூக்கு ஓட்டை வழியா வெளிய தள்ளிரும், அது அலகு நுனியில வந்து சொட்டும். கடல் தண்ணியக் குடிச்சுட்டும் உயிரோட இருக்குற ரகசியம் அதுதான். ஆலாவுக்கும் உண்டு. அதனாலதான் ஒரே பறவை கடல்லயும் பொழைக்குது, நல்ல தண்ணிக் கண்மாய்லயும் பொழைக்குது. வைகை வெள்ளம் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து நிறைஞ்ச வருஷத்துல அங்க போய்ப் பாருங்க, கடல் அந்தா இருக்கு, இருந்தும் ஆலா கண்மாய்ல மேஞ்சுக்கிட்டு இருக்கும்.

உங்க சங்காயக் கதைய நான் நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன்.

மேலூர் சம்சாரி:

நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன். நமக்கு பறவை பேரெல்லாம் தெரியாது, எங்க ஊர்ல இதுக்கு வெள்ளக்குருவின்னுதான் பேரு. மேலூர்ப் பக்கம் எங்களுக்கு ஒருபோகப் பாசனம், பெரியாத்துத் தண்ணி வந்தாத்தான் நடவு. தண்ணி விட்டுத் தொழி உழவு நடக்குறப்ப டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டி அடிப்போம் பாத்தீங்களா, அந்த நேரத்துல மண்ணுக்குள்ள இருக்குற புழு, பூச்சி, பிள்ளைப்பூச்சி, நண்டு எல்லாம் மேல கலங்கி வரும். கொக்கும் மடையானும் டிராக்டர் சக்கரத்துக்குப் பின்னாடியே நடக்கும், பயமே கிடையாது, டயர்ல மாட்டிரப்போகுதுன்னு நமக்குத்தான் பதறும். இந்த வெள்ளக்குருவி மட்டும் தரையில இறங்காது. நம்ம தலைக்கு ஒரு ஆள் உசரத்துக்கு மேல போயிக்கிட்டும் வந்துக்கிட்டும் இருக்கும், டிராக்டர் சத்தத்துக்குக் கிளம்புற பூச்சிய அங்கனயே பிடிச்சுக்கும்.

நட்டு ஒரு மாசம் வரைக்கும் வயல்ல தண்ணி தெரியும், அதுவரைக்கும் வரும். பயிர் தூர் கட்டி மூடிக்கிட்டா கண்மாய்க்குப் போயிரும். மறுபடி கதிர் வர்ற நேரம் பாத்தா பயிருக்கு மேல உரசுற மாதிரி பறந்து இலை நுனியில இருக்குற பூச்சிய எடுக்கும். நெல்ல ஒரு மணி தொடாது. இத நான் அடிச்சுச் சொல்லுவேன், ஏன்னா சிட்டும் கிளியும் வந்தா நாங்க தகரம் தட்டுவோம், இதுக்குத் தட்டுனதே இல்ல, எங்க அய்யா காலத்துல இருந்து தட்டுனதில்ல.

மனசுக்குக் கஷ்டமா இருக்குற ஒண்ணையும் சொல்லிர்றேன். குருணை மருந்து போட்ட வயலுக்கு இது வர்றதில்ல. போன வருஷம் நானே போட்டேன், குருத்துப்பூச்சி தாங்க முடியல, கடன் வாங்கிப் போட்ட வெள்ளாமை, விட முடியுமா. போட்டு ரெண்டு மூணு வாரத்துக்கு எங்க வயலுக்கு மேல ஒண்ணு கூடப் பறக்கல, வரப்புக்கு அந்தப் பக்கம் போடாத வயல்ல பறக்குது. பூச்சி செத்துட்டா அது எதுக்கு வரும். இந்த வருஷம் மூணு குண்டுல, அதாவது மூணு துண்டு வயல்ல, ஒரு குண்ட மருந்தில்லாம விட்டிருக்கேன், பாப்போம்.

எங்க அப்பத்தா நாங்க வீட்டுக்குள்ள நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா "ஏண்டா இப்படி ஆலாப் பறக்குற, செத்த உக்காரு"ம்பாங்க. ஆலான்னா ஒரு பறவைன்னு இம்புட்டு வயசுக்கு அப்புறம் இன்னைக்கு இங்க படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். வயலுக்கு மேல அது பறக்குறதப் பாத்தவங்க யாரோதான் அந்த வார்த்தையச் சொல்லிருக்கணும், அது உக்காரவே உக்காராது.

திருநகர் டீச்சர்:

மேலூர் அண்ணே சொன்னதுக்கு நன்றி, படிக்கிறப்ப வயல்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு. முறுக்குக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலையே? எங்க ஸ்கூல் பிள்ளைகளும் டூர் போனா சிப்ஸ் பாக்கெட்டோடதான் பறவை பக்கம் போகுதுங்க, அதான் கேக்குறேன்.

கண்மாய்க்கரை:

மன்னிச்சுக்கங்க டீச்சர், மறந்துட்டேன். ஒரு துண்டு முறுக்குல ஒண்ணும் ஆயிராது, ஒத்தக்கடை அண்ணே பிள்ளையப் பயப்படுத்த வேண்டாம். தினம் தினம் நூறு பேர் போடுறதுதான் பிரச்சனை. கடற்காகம் எது கிடைச்சாலும் முழுங்குற சாதி, குப்பைமேட்டுல கூட மேயும், வேண்டாம்னு ஒதுக்கத் தெரியாது. எண்ணெயில பொரிச்ச மாவு வயித்த நிறைக்கும், ஆனா மீன்லயும் நண்டுலயும் கிடைக்கிற சத்து அதுல இல்ல. பங்குனி வாக்குல இதுக இங்கருந்து கிளம்பி இமயமலையத் தாண்டுற தூரம் போகணும், அதுக்கு உடம்புல கொழுப்பு சேக்க வேண்டிய நாள் இந்த நாள்தான். அதோட கவரையும் சேத்துக் கவ்விட்டுப் போறத நானே கண்ணால பாத்திருக்கேன், கையில பிடிச்சு எடுக்கவா முடியும். அந்த சங்கு விக்கிற அம்மா சொன்னது முழுக்கச் சரி.

பாம்பன் பொண்ணு:

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் டீச்சர். சரியா அதுக்கு முன்னாடி இதுகள்ல முக்கால்வாசி கிளம்பிப் போயிருக்கும். போட்டெல்லாம் கரையேறி நிக்கும், கரை வெறிச்சுன்னு கிடக்கும். தடை வரப் போகுதுன்னு தெரிஞ்சே போயிருச்சுகன்னு எங்க அம்மா சொல்லும்.

ஒத்தக்கடைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இம்புட்டுப் பேர் பதில் சொல்லுவீங்கன்னு நெனைக்கல. இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கே மகளையும் கூட்டிக்கிட்டு கண்மாய்க்குப் போனேன், பக்கத்து வீட்டுத் தம்பிக்கிட்ட பைனாக்குலர் வாங்கிட்டுப் போனோம். நீங்க சொன்ன மாதிரியே காத்துக்கு எதிராத்தான் போகுது, மேக்க இருந்து கிழக்க போறப்ப மெதுவா, திரும்பி வர்றப்ப வேகமா. எம்மக எண்ணுனா, ஒரு பறவைய மட்டும் விடாமப் பாத்து, அது இருபது தடவை இறங்குச்சு, அதுல அலகுல ஏதோ இருந்தது அஞ்சு தடவைதான். மத்ததெல்லாம் வெறுங்கை. "அப்பா, இதுக்கு வயிறு நிறையறதுக்குள்ள சாயங்காலம் ஆயிரும்போல"ன்னா.

ஒண்ணு கவனிச்சேன், அதக் கேட்டுட்டு விட்டுர்றேன். எங்க கண்மாய்ல பாதிக்கு மேல ஆகாயத்தாமரை மூடிக் கெடக்கு, சாக்கடை கலக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து வருஷா வருஷம் கூடிக்கிட்டே வருது, நாங்களும் சொல்ல வேண்டிய இடத்துலயெல்லாம் சொல்லிப் பாத்துட்டோம். பறவை எல்லாம் தண்ணி தெரியிற அந்தக் கிழக்கு மூலையில மட்டும்தான் சுத்துது, பச்சையா மூடுன பக்கம் போய் நாலஞ்சு சும்மா உக்காந்துருக்கு, மேயல. இதுவும் சாப்பாட்டாலதானா?

கண்மாய்க்கரை:

ஆமாண்ணே, அதேதான். அதுக்குத் தண்ணியோட மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியணும். ஆகாயத்தாமரை அங்கங்க திட்டுத் திட்டா இருந்தா நல்லது, ஓரத்துல பூச்சி சேரும், களைச்சா உக்காரலாம். முழுசா மூடுனா கீழ மீனு இருந்தாலும் அதுக்கு எட்டாது, லடாக்ல ஏரி உறைஞ்ச கதைதான். முடிஞ்சா உங்க மக எண்ணுனத தேதி, நேரத்தோட எழுதி வைங்க, தெரியிற மூலையில எத்தன, மூடுன பக்கம் எத்தனன்னு தனித்தனியா. பொங்கல ஒட்டி நாலு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், கால் மணி நேரம் நின்னு எண்ணிப் பதிவு பண்ணாப் போதும், யார் வேணா சேரலாம். அந்தக் கண்மாய்ல இருந்து இதுவரைக்கும் யாரும் பதிவு பண்ணி நான் பாக்கல. நானும் மாட்டுப்பொங்கல் அன்னைக்கு வெள்ளன வர்றேன், என்கிட்ட இன்னொரு பைனாக்குலர் இருக்கு.

மேலூர் சம்சாரி:

அன்னைக்கு மாட்டக் குளிப்பாட்டணும், வர முடியாது. அந்த மருந்து போடாத குண்டுல இன்னைக்குச் சாயங்காலம் ஆறு பறந்துச்சு. எழுதிக்கங்க.